மூச்சு தானாக இறங்கட்டும்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

சீனத்து மெதுவசைவுப் பயிற்சியான தாய் சி விஷயத்துக்கு வருகிறேன். நிற்கும் பயிற்சியில் பத்தாவது நிமிடம் விரல் நுனி மரமரக்கிறது, லேசாகத் தலை சுற்றுகிறது, இதுதான் ‘சி’ என்னும் உயிராற்றல் ஏறுவதா என்று கேட்டிருக்கிறாய். இல்லையப்பா. தேவைக்கு மேல் இழுத்து இழுத்து மூச்சு விடுகிறாய். அதனால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. மரமரப்பும் கிறுகிறுப்பும் அந்த வகை. ஆசான்கள் சொல்லும் அடையாளம் வேறு: உள்ளங்கை வெதுவெதுப்பாகி, கொஞ்சம் கனத்து, உப்பினாற்போல இருக்கும். மூச்சைச் சரிசெய்த பிறகும் தலைச்சுற்றல் தொடர்ந்தால் டாக்டரைப் பார்த்துவிடு.

முதலில் நிற்பதைக் கவனி. ஜான் ஜுவாங் என்றால் நட்ட கம்பம் போல நிற்பது. பாதங்கள் தோளகலத்தில், இணையாக. முழங்கால் லேசாகத் தளர்ந்தால் போதும். ஆனால் பாதம் பார்க்கும் திசையைத்தான் அதுவும் பார்க்க வேண்டும், உள்ளே சாய்ந்தால் மூட்டு வலி தேடி வரும். பிறகு இடுப்பு. உயரமான ஸ்டூலின் விளிம்பில் உட்காரப் போகிறவன் போல அதைத் தளரவிடு. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். கீழ்முதுகு வளைந்து இறுகியிருந்தால் வயிறு முன்பக்கம் மட்டும் தள்ளும். உதரவிதானம் இறங்கப் போதிய இடம் இருக்காது. புறங்கையைக் கீழ்முதுகில் வைத்துப் பார். மூச்சு உள்ளே போகும்போது அங்கேயும் மெல்லிய அசைவு தெரிந்தால் சரி.

கைகள் பெரிய பந்தை அணைத்தாற்போல மார்பளவில். முழங்கை மணிக்கட்டைவிடத் தாழ்ந்து, அக்குளில் ஒரு முட்டை வைக்கும் இடைவெளி. முழங்கை உயர்ந்தால் தோளும் கூடவே ஏறும், மூச்சும் மேலே போய்விடும். நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால், மூச்சு மூக்கிலேயே.

உன் பிராணாயாமப் பழக்கமும் குறுக்கே நிற்கிறது என்று நினைக்கிறேன். பூரகம் (உள்மூச்சு) 16, கும்பகம் (அடக்குவது) 64, ரேசகம் (வெளிமூச்சு) 32 என்ற கணக்கு அங்கே பொருந்தும். இங்கே எண்ணவும் வேண்டாம், அடக்கவும் வேண்டாம். ‘சி டான்டியனில் (அடிவயிற்று மையத்தில்) அமரட்டும்’ என்பதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு வயிற்றை அழுத்தாதே. உடம்பு தளர்ந்தால் நடப்பதைத்தான் அது சொல்கிறது. தாய் சி ஆசான் யாங் செங்ஃபூ சொல்லி, மாணவர் சென் வெய்மிங் எழுதிவைத்த பத்து விதிகளில் ஒன்று: மனக்குறிப்பைப் பயன்படுத்து, பலத்தை அல்ல. டான்டியன் தொப்புளுக்கு மூன்று விரற்கடை கீழே, தோலில் இல்லை, வயிற்றுக்கு உள்ளே. அந்த இடத்தின் நினைவு இருந்தால் போதும். நாற்று சீக்கிரம் வளரட்டும் என்று ஒவ்வொன்றாக இழுத்துவிட்ட சீனத்து விவசாயியின் கதைதான் மற்றதெல்லாம். கடைசியில் வயல் வாடிக் கிடந்தது.

மூச்சை இழுக்கையில் வயிற்றை உள்வாங்கும் எதிர்மூச்சை இப்போது தொடாதே. எதிராளியை அடிக்கும் அடியில் விசை கூட்டுபவர்களுக்கு அது உதவும். அடிவயிறு இறுகியிருப்பவன் செய்தால் உள்ளழுத்தம்தான் ஏறும்.

நீ கற்றுக்கொண்டிருக்கும், 1956-இல் சீன விளையாட்டு ஆணையம் வகுத்த 24 அசைவுத் தொகுப்பில், கை எழும்போதும் விரியும்போதும் உள்மூச்சு, இறங்கும்போதும் தள்ளும்போதும் வெளிமூச்சு. மெதுவாகச் செய்யும்போது பாதியில் மூச்சு தீர்ந்தால் நடுவில் சின்னதாக ஒன்று எடுத்துக்கொள். அசைவுக்காக மூச்சை நீட்டுவதும் அடக்குவதில்தான் சேர்த்தி.

முடிக்கும்போது சட்டென்று நடந்துவிடாதே. இரண்டு உள்ளங்கைகளையும் அடிவயிற்றில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இரண்டு மூன்று நிமிடம் நில்.

இப்போதைக்கு ஐந்து நிமிடத்திலிருந்து தொடங்கு, வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டு. எட்டு நிமிடத்தை எட்டியதும் மரமரப்பு இருக்கிறதா, முழங்கால் எப்படி என்று எழுது.

அன்புடன்,
மணி