பல்பை விற்குமுன் லாம்பைப் பாருங்கள்: பஞ்சிகாவத்தைக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடை நடத்தும் முதலாளிமாருக்கும், கவுண்டரில் நிற்கும் தம்பிமாருக்கும்,

வணக்கம். நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். வைப்பர், பிளக், பிரேக் பாட் என்று எதுவானாலும் பல வருடமாக உங்கள் தெருவுக்குத்தான் வருகிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

போன மாதம் சிலாபத்தில் ஒரு செத்தவீட்டுக்குப் போய்விட்டு இரவில் திரும்பினேன். நல்ல மழை. மாரவில தாண்டி எதிரே ஒரு வான் வந்தது. டிம்மில்தான் வந்தது. ஆனாலும் அந்த நீலம் பாய்ந்த வெள்ளை வெளிச்சம் ஈரக் கண்ணாடி முழுக்கப் பரவி, எனக்குத் தெருவே இல்லாமல் போய்விட்டது. பிரேக்கை மிதித்தேன். கண் தெளிந்தபோது, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்த ஒரு பெரியவர் என் இடப்பக்கக் கண்ணாடிக்கு ஒரு முழம் தள்ளி நிற்கிறார். சாரத்தின் கரையில் சேறு தெறித்திருந்ததுகூட இப்பவும் கண்ணுக்குள் நிற்கிறது. மணிக்கு 60 கிலோமீற்றரில் போகிற வண்டி ஒரு செக்கனில் 16 மீற்றருக்கு மேல் ஓடிவிடும்.

வீட்டுக்கு வந்து காரை நிறுத்தும்போதுதான் உறைத்தது. என் ஹெட்லைட்டிலும் அதே சாதி எல்.ஈ.டி பல்ப்தான். உங்கள் தெருவில் ஒரு கடையில் வாங்கிப் பூட்டியது. "இதைப் போடுங்க அண்ணா, பகல் மாதிரி இருக்கும்" என்றார்கள். பெட்டியில் இருபதாயிரம் லூமன் (வெளிச்சத்தின் அளவு) என்று அச்சடித்திருந்தது. என் லாம்ப் எந்த வகை என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இழை எரிந்து வெளிச்சம் தரும் பழைய வகையான ஒரு எச்4 ஹலஜன் பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள் (கண்ணாடியில் விரல் படாமல், அடியைப் பிடித்து, விரல் எண்ணெய் பட்ட இடம் சூடேறிப் பல்ப் சீக்கிரம் போய்விடும்). உள்ளே இரண்டு இழை. 60 வாட்ஸ் ஹை பீமுக்கு, 55 வாட்ஸ் டிம்முக்கு. டிம் இழைக்குக் கீழே கரண்டி மாதிரி ஒரு சின்னத் தகடு இருக்கும். கீழே போகிற வெளிச்சத்தை அந்தத் தகடு மறிப்பதால்தான் டிம் வெளிச்சம் எதிரே வருகிறவனின் கண்மட்டத்துக்கு ஏறுவதில்லை. வெளிச்சம் மேலே போகாமல் முடிகிற அந்தக் கோட்டைத்தான் வெட்டு என்கிறேன். நாங்கள் இடப்பக்கம் ஓடுவதால் அந்த வெட்டு இடது பக்கம் கொஞ்சம் மேலே ஏறும். தெருவோரம் நடக்கிறவரைக் காட்டுவது அந்த ஏற்றம்தான். பின்னால் வெளிச்சத்தைத் திருப்பிவிடும் பளபளப்பான கிண்ணமான ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் அந்த இழை இருக்கும் இடத்தைக் கணக்குப் பண்ணிச் செய்தது. ஒரு மில்லிமீற்றர் விலகினாலே வெளிச்சம் வேறு எங்கோ போகும்.

எல்.ஈ.டி பல்பிலோ மெல்லிய இழைக்குப் பதிலாக இரண்டு பக்கமும் ஒட்டிய சிப்கள். பல ரிஃப்ளெக்டர் லாம்ப்களில் அந்த வெட்டு கலைந்துவிடுகிறது. பம்பருக்கு முன்னால் தெரு பளபளக்கும், ஓட்டுகிறவருக்கு நல்ல வெளிச்சம் என்று தோன்றும். ஆனால் கிட்டத்து வெளிச்சத்துக்குக் கண் பழகிவிட்டால் தூரத்தில் இருப்பது இன்னும் மங்கும். ஜேர்மனியிலும் இப்படி மாற்றிப் போடும் எல்.ஈ.டியைப் பரிசோதித்து, குறிப்பிட்ட மாடல் வண்டிகளுக்கு மட்டுந்தான் அனுமதிக்கிறார்கள்.

100 வாட்ஸ் ஹலஜனும் இதற்கு வழியல்ல. வயரும் சொக்கெட்டும் அந்தச் சூட்டுக்குச் செய்தவை அல்ல, உருகிவிடும். "வெளிச்சம் காணாது" என்று வருகிறவரின் லாம்ப் கண்ணாடியை முதலில் பாருங்கள். எங்கள் வெயிலில் அந்தப் பிளாஸ்ரிக் மஞ்சளித்துப்போகும். பொலிஷ் பண்ணினாலே பாதிப் பிரச்சினை தீரும். அதைச் சொல்லி அனுப்பினால் உங்களுக்கு ஒரு விற்பனை போகும் என்று தெரியும். ஆனாலும் கேட்கிறேன்.

வருடாவருடம் வண்டிக்குப் புகைப் பரிசோதனை செய்கிறோம். அங்கே புகையைத்தான் பார்க்கிறார்கள். ஆகவே பல்ப் தெருவுக்கு இறங்குமுன் விஷயம் தெரிந்த ஒருவர் பார்க்கக்கூடிய இடம் உங்கள் கவுண்டர்தான். லாம்ப் ரிஃப்ளெக்டரா, முன்னால் உருண்டை லென்ஸ் வைத்த புரொஜெக்டரா என்று ஒரு கேள்வி கேளுங்கள். ரிஃப்ளெக்டர் என்றால், வட்டத்துக்குள் ஆங்கில E எழுத்துப் பொறித்த (அது அங்கீகாரக் குறி), கம்பனி சொன்ன வாட்ஸிலேயே ஹலஜன் பல்பை எடுத்துக் கொடுங்கள், இரண்டையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். பூட்டிய பிறகு ஐந்து மீற்றர் தள்ளி ஒரு சுவரில் டிம்மை அடித்துப் பாருங்கள். வெட்டுக்கோடு லாம்பின் நடு உயரத்துக்கு ஐந்து சென்ரிமீற்றர் அளவு கீழே நிற்கவேண்டும்.

நான் பழைய ஹலஜனுக்கே திரும்பிவிட்டேன். கழற்றிய எல்.ஈ.டி இரண்டும் பெட்டியோடு இருக்கிறது. காசைத் திருப்பிக் கேட்கவில்லை. வருகிற சனிக்கிழமை இருட்டுகிற நேரம் கொண்டுவருகிறேன். என் காரிலேயே ஒரு பக்கம் எல்.ஈ.டியையும் மறுபக்கம் ஹலஜனையும் பூட்டி, எதிர்க்கடை ஷட்டரில் அடித்துப் பார்ப்போம். தம்பிமாரையும் கொஞ்சம் நிற்கச் சொல்லுங்கள்.

உங்கள் பழைய வாடிக்கையாளன்,
வெள்ளவத்தை