கொப்புளம் எல்லாம் அம்மை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் கோடைக்கால அம்மை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சின்னம்மைக்குச் சொல்லியிருந்தவை சரிதான். ஆனால் உடம்பில் நீர்க்கொப்புளம் கண்டாலே அம்மை என்று எடுத்துக்கொள்ளலாம் என்பதுபோல் அதில் வந்த ஒரு வரி எனக்கு உறுத்தலாக இருந்தது. எங்கள் டெல்டாப் பக்கம் அதை யாரும் சொல்லித்தர வேண்டியதே இல்லை. கொப்புளம் வந்தால் ‘ஆத்தா வந்திருக்கா’ என்று வாசலில் வேப்பிலை செருகிவிடுவோம். தாளிப்பை நிறுத்திவிடுவோம். மூன்று தண்ணீர் ஊற்றும்வரை மருந்து கூடாது என்போம். ஒரு பக்கமாக வரிசைகட்டி வந்தால் அக்கி என்று காவி குழைத்து எழுதப் போவோம். இந்த இரண்டிலும் சேராத ஒரு கொப்புள நோய் இருக்கிறது. பெம்பிகஸ் என்று பெயர். அது எந்தக் கிருமியாலும் வருவதல்ல, யாருக்கும் தொற்றாது. நம் தோலின் செல்களை ஒன்றோடொன்று சேர்த்துவைத்திருக்கும் புரதங்களின் பிடி விட்டுப்போவதால் வருவது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

செல்களின் மேலுறையிலிருந்து கேடெரின் என்ற குடும்பத்தைச் சேர்ந்த புரதங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கபடியில் பாடிவருபவரை மடக்கக் கைகோத்து நிற்பார்களே, அதுபோல ஒரு செல்லின் கேடெரின் பக்கத்துச் செல்லின் கேடெரினைப் பற்றிக்கொள்கிறது. அந்தப் பிடி நிற்கக் கால்சியம் வேண்டும். புரதத்தின் உள்முனையோ செல்லுக்குள் இருக்கும் நார்களோடு இணைந்திருக்கிறது. மேல்தோலின் டெஸ்மோசோம் என்ற இணைப்புகளில் அது கெரட்டின் நார். அதனால்தான் தோலை இழுத்தாலும் அந்த இழுவை ஒரே செல்லின் மேல் விழாமல் பல செல்களுக்கும் பரவிப்போகிறது, தோல் கிழிவதில்லை.

இதைக் கண்டுபிடித்த கதையை வகுப்பில் சொல்வது எனக்கு மிகவும் பிடிக்கும். ஜப்பானின் கியோட்டோவைச் சேர்ந்த மசாதோஷி டகேய்ச்சி 1970-களில் ஆய்வுக்காக அமெரிக்கா போயிருந்தார். புரதங்களை வெட்டும் டிரிப்சின் என்ற நொதியைப் போட்டுப் பிரித்த செல்கள் கியோட்டோவில் மறுபடி ஒட்டிக்கொண்டன, அங்கே ஒட்டவில்லை. அந்த ஆய்வகத்தின் டிரிப்சின் கரைசலில் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஈடிடிஏ கலந்திருந்ததுதான் காரணம். கால்சியம் இருந்தால் டிரிப்சினால் அந்த ஒட்டும் புரதத்தை வெட்ட முடியாது. இல்லாவிட்டால் வெட்டித் தள்ளிவிடும். இரண்டு ஊர்க் கரைசலுக்கும் இருந்த வித்தியாசத்தை அலட்சியமாக விடாமல் துருவிப் பார்த்த மனிதர் அவர். 1977-இல் அந்த ஆய்வு வெளியானது. கேடெரின் என்ற பெயரும் பின்னாளில் அவர் வைத்ததே.

இனி நோய்க்கு வருகிறேன். டெஸ்மோசோம்களில் இருக்கும் கேடெரின்களில் டெஸ்மோகிளீன் 1, டெஸ்மோகிளீன் 3 என்று இரண்டு முக்கியமானவை. கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் எதிர்ப்புரதங்களே இவற்றைப் பகையாக நினைத்துத் தாக்கினால் பெம்பிகஸ் வருகிறது. நோயாளியின் எதிர்ப்புரதம் குறிவைப்பது ஒரு கேடெரினைத்தான் என்று 1991-இல் மசாயுகி அமகாய், ஜான் ஸ்டான்லி குழுவினர் காட்டினார்கள். வாயின் உட்புறத்தில் செல்களைப் பிடித்திருப்பது பெரும்பாலும் 3-ஆம் வகைதான். அது மட்டும் தாக்கப்பட்டால் வாய் புண்ணாகும்; தோலில் 1-ஆம் வகை தாங்கிக்கொள்வதால் வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு 1-ஆம் வகையும் தாக்கப்படும்போது உடம்பெல்லாம் கொப்புளம் கிளம்புகிறது. 1-ஆம் வகை மட்டும் தாக்கப்பட்டாலோ தோலில் கொப்புளம் வரும், வாயில் புண் இருக்காது. எவ்வளவு நுணுக்கமான ஏற்பாடு பாருங்கள்!

நடைமுறையில் இதற்கு அர்த்தம் என்னவென்றால், பல பேருக்கு முதல் அறிகுறி ஆறாத வாய்ப்புண். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இருக்கும். சூடு என்பார்கள், மணத்தக்காளிக் கீரை சாப்பிடச் சொல்வார்கள், வைட்டமின் மாத்திரை வாங்கிக் கொடுப்பார்கள். அப்புறம் தளர்ந்த, தொட்டால் உடைகிற கொப்புளங்கள். சின்னம்மைபோல் ஓரிரு வாரத்தில் காய்ந்து உதிராது. நோய் முற்றியிருக்கும்போது பக்கத்தில் இருக்கும் நல்ல தோலை அழுத்தித் தேய்த்தாலே உரிந்துவரும். அந்த உடம்பில் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தேய்த்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் தெருவில் ஓர் அம்மாவைத் திண்ணையோடு ஒதுக்கி வைத்திருந்தார்கள். பேரப்பிள்ளையைக் கிட்டே விடவில்லை. சாப்பாட்டுத் தட்டு தனி. வாய்ப்புண்ணில் கஞ்சிகூட இறங்காமல் பாதி உடம்பாகிவிட்டார். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போன பிறகுதான் தோலைக் கொஞ்சம் வெட்டிச் சோதித்துப் பெம்பிகஸ் என்று சொன்னார்கள். இன்று பேரனை மடியில் வைத்துக் கொஞ்சுகிறார். இழந்த அந்த மாதங்களை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஸ்டீராய்டு வருவதற்கு முன் இந்த நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. இன்று அப்படி இல்லை. 1980-களில் டெல்லி எய்ம்ஸில் ஜே. எஸ். பாஸ்ரிச்சா தொடங்கிய, மாதம் ஒருமுறை மருந்து ஏற்றும் முறையால் நம் நாட்டில் எத்தனையோ பேர் குணம் கண்டிருக்கிறார்கள். இப்போது ரிடுக்ஸிமாப் ஊசியும் இருக்கிறது. ஆனால் மருத்துவர் சொல்லாமல் மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து. மெடிக்கல் ஷாப்பில் தாமாகவே ஸ்டீராய்டு வாங்கிப் போடுவதும் அப்படித்தான்.

நான் வலங்கைமான்காரி. நோய் தீர்ந்தவர்கள் பாடையில் படுத்து வந்து நேர்த்திக்கடன் செலுத்தும் மாரியம்மன் கோயில் ஊர். பங்குனித் திருவிழாவில் அந்தக் கூட்டத்தைச் சிறுவயதிலிருந்து பார்த்தவள். அந்தப் பக்தியை ஒரு வார்த்தை குறைத்துச் சொல்ல மாட்டேன். அம்மனிடம் வேண்டிக்கொள்ளட்டும், கையோடு தோல் மருத்துவரிடமும் காட்டட்டும்.

உங்களிடம் ஒரு விண்ணப்பம். பங்குனிக்கு முன் ஒரு தோல் மருத்துவரைக் கொண்டு பெம்பிகஸ் பற்றி அரைப் பக்கமாவது எழுத வையுங்கள். வாய்ப்புண் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாவிட்டால் காட்ட வேண்டும் என்பதையும், இது தொற்றாது, கூட உட்கார்ந்து சாப்பிடலாம், குழந்தையைத் தூக்கலாம் என்பதையும் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
வலங்கைமான்.