சோலார் திருப்பணி நிறைவு அறிக்கை

அங்கத்தினர் அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

குரோதி ஆண்டு தை மாதம் பூசை போட்டுத் தொடங்கிய சோலார் வேலை, சேர்வராயன் அருளால் விசுவாவசு ஆவணியில் முடிந்தது. மண்டபத்தின் மேல் 3 கிலோவாட். அன்னதானக் கூடத்து மோட்டாரும் கிரைண்டரும் பகலில் அதில்தான் ஓடுகின்றன. வீடுகளுக்கு ஒன்றிய அரசு தரும் மானியம் (1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2-க்கு 60,000, 3-க்கும் அதற்கு மேலும் 78,000) கோயிலுக்குக் கிடையாது. முழுக்க உங்கள் நன்கொடைதான். வரவு செலவு பலகையில் ஒட்டியிருக்கிறது; ரசீதுகள் பொருளாளரிடம் உள்ளன.

கோயிலைப் பார்த்து வீடுகளிலும் போடுவார்கள் என்று நம்பினோம். போடவில்லை. "சாமி காசு, போட்டாங்க" என்றார்கள். செயலாளர் வீட்டில் மாட்டியதும் "கமிஷன் வந்திருக்கும்" என்ற பேச்சுதான் மிச்சம். நோட்டீஸ் அடித்தது தண்டச் செலவு, ஒப்புக்கொள்கிறோம்.

ஊரை அசைத்தது மேலத்தெரு தையல்கார அக்கா. தன் வீட்டில் சோலார் தகடு போடுமுன் வந்த கரண்ட் பில்லையும் பின் வந்ததையும் மகளிர் குழுக் கூட்டத்தில் விரித்துக் காட்டினார். குரங்கு குதித்தால் உடையுமா, இடி இழுக்குமா என்று எங்களிடம் கேட்கக் கூச்சப்பட்டதையெல்லாம் அவரிடம் கேட்டார்கள். அடுத்து அவர் கொழுந்தனார் வீடு, பிறகு வாழப்பாடியில் சம்பந்தி வீடு. எங்கள் நோட்டீஸ் மலையிறங்கவே இல்லை.

கெடுத்ததும் அதே வாய்வழிதான். பேட்டரி இல்லாத இணைப்பில் கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும். தகட்டு மின்சாரம் வெளிக்கம்பிக்குப் போய்க் கம்பத்தில் ஏறியவருக்கு ஷாக் அடிக்காதிருக்க, அதை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரே அணைத்துக்கொள்ளும். இதை முன்பே சொல்லாதது எங்கள் தவறு. ஒரு மழைநாள் மதியம் மின்சாரம் நின்றது. மறுநாள் பால் ஊற்றும் நேரத்துக்குள் "ஏமாத்து வேலை" என்று கீழத்தெரு முழுக்கப் பரவிவிட்டது. மனு கொடுத்திருந்த இருவர் பின்வாங்கினார்கள். ஒருவரை அக்கா பேசித் திருப்பினார். மற்றவர் இன்னும் முகம் கொடுப்பதில்லை.

ஓட்டு வீட்டுக்காரர்களையும், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசத்துக்குள் முடித்துக்கொள்பவர்களையும் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் கணக்கு சரி.

பாக்கி ஒன்று. மேற்கே நிற்கும் சில்வர் ஓக் நிழல் மூன்று மணிக்கே விழுகிறது. ஒரு தகடு நிழலில் மாட்டினால் அந்த வரிசையே மந்தமாகிறது. கிளை கழிக்கத் தோட்டத்தாரிடம் கேட்டிருக்கிறோம். தகடு துடைக்கும் முறை இம்மாதம் மேலத்தெருவுக்கு. வாளியும் துடைப்பமும் மடப்பள்ளியில் இருக்கின்றன.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு