மாப்பிள்ளையின் தோள் அளவு

காக்ஸ் டவுன், பெங்களூரு
மே மாதக் கடைசி

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம், உன் நலமறிய ஆவல். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நான் பத்து வரி அனுப்பினால் நீ கட்டைவிரல் படம் ஒன்று அனுப்புகிறாய். கூப்பிட்டால் மீட்டிங் என்கிறாய். அதனால் காகிதத்தை எடுத்துவிட்டேன். எதிர் வீட்டுப் பையன் அடுத்த வாரம் லண்டன் போகிறான். பார்சலோடு இதையும் கொண்டுபோய் அங்கிருந்து எடின்பரோவுக்குத் தபாலில் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறான். நல்ல பையன்.

முதலில் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளையின் தோள் அளவு வேண்டும். போன மாதமும் கேட்டேன், "பார்க்கிறேன்மா" என்றாய். அவருக்கு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்துவிட்டேன். சாம்பல் நிறம், நல்ல கம்பளி நூல். பார்டருக்குப் பத்தாம் நம்பர் ஊசி, உடம்புக்கு எட்டாம் நம்பர். முதுகுப் பக்கம் அக்குள் வரை ஏறிவிட்டது. இனி கைக்குழிக்குக் கண்ணி குறைக்க வேண்டும். தோள் அகலம் தெரியாமல் எத்தனை கண்ணி குறைப்பது? மார்பளவைக் கல்யாணத்துக்குத் தைத்த சட்டையில் எடுத்தேன், உள்ளே சட்டை போட்டு மேலே ஸ்வெட்டர் போட நாலு விரல் கூட்டிக்கொண்டேன். ஆனால் அந்தச் சட்டையின் தோள் அன்றைக்கே தொங்கியது, அதை நம்ப முடியாது. அவரைச் சுவரோரம் நேராக நிற்கச் சொல்லி, முதுகுப் பக்கம் இந்தத் தோள் எலும்பு முனையிலிருந்து அந்தத் தோள் எலும்பு முனை வரை டேப் வைத்துப் பார். இரண்டு நிமிஷ வேலை. அப்படியே கை நீளமும்.

மே மாதத்தில் ஸ்வெட்டரா என்று அப்பாவும்தான் கேட்கிறார். இப்போது பின்னினால்தான் அக்டோபரில் உங்கள் ஊர்க் குளிருக்குப் போய்ச் சேரும். குளிர் வந்த பிறகு ஊசியை எடுக்கிறவள் குளிர் போன பிறகுதான் முடிப்பாள். ஆனால் வெயிலில் கம்பளி கஷ்டம்தான். கை வேர்த்தால் நூல் ஊசியில் ஓடாது, கண்ணி இறுகும். காலையில் பின்னின வரிசையும் மத்தியானம் பின்னின வரிசையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் இரண்டு பேர் பின்னினது போல இருக்கிறது. அதனால் கம்பளி விடிகாலையில் மட்டும். பகலில் உனக்கு ஒரு பருத்தி மேலாடை பின்னிக்கொண்டிருக்கிறேன், முழங்கை வரை கை, வெளிர் பச்சை. பருத்தி உடம்புக்குக் குளிர்ச்சி, கைக்குத்தான் வலி. கம்பளி போல இழுத்தால் நீண்டு கொடுக்காது, ஒவ்வொரு கண்ணிக்கும் விரல்தான் வேலை செய்ய வேண்டும். துவைத்தால் சுருங்கும் வேறு. ஒரு சாண் சதுரம் பின்னி, சோப்புப் போட்டுத் துவைத்து, காயவைத்து, அளந்து பார்த்த பிறகுதான் கண்ணிக் கணக்கே போட்டேன். நீ அதை வாஷிங் மெஷினில் வெந்நீர் வைத்துப் போடாதே. கொடியில் தொங்கவும் விடாதே, பருத்தி கனத்தில் கீழே இழுத்து முழங்கால் வரை வந்துவிடும். டவல் விரித்து அதன் மேல் படுக்க வைத்துக் காயப்போடு.

மரத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நம் ரசபுரி மாமரம் இந்த வருஷம் காய்த்துக் கொட்டிக்கிடக்கிறது! போன வருஷம் பேருக்கு நாலு காய் காய்த்து ஏமாற்றியது, ஒரு வருஷம் உழைத்தால் மறு வருஷம் ஓய்வு எடுக்கிற மரம்தானே. ஏப்ரலில் மாங்காய் மழை சரியாக வந்தது, ஆலங்கட்டி இல்லை. 2024-இல் தெருவில் போர்வெல்லெல்லாம் வற்றிக் குடிக்கிற தண்ணீருக்கே லாரியைப் பார்த்து நின்றபோது, அரிசி கழுவின தண்ணீரையும் பாத்திரம் கழுவின தண்ணீரையும் அப்பா வாளி வாளியாகக் கொண்டுபோய் இதன் அடியில் ஊற்றினார். "இவ்வளவு பெரிய மரத்துக்கு இது எந்த மூலைக்கு?" என்று நான் சத்தம் போட்டேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது கிளை தரையைத் தொடுகிறது.

துறட்டியில் வலை கட்டி அப்பாதான் பறிக்கிறார். ஏணியில் ஏறாதீர்கள் என்று நான் கீழே நின்று கத்த வேண்டியிருக்கிறது. நீயும் சொல், நீ சொன்னால்தான் கேட்பார். காம்பு கொஞ்சம் விட்டுப் பறித்து, தலைகீழாகக் கோணியில் வைத்துப் பால் வடிய விடுகிறோம். பால் தோலில் பட்டால் கருகிப்போன மாதிரி தழும்பு விழுந்துவிடும். அப்புறம் வைக்கோல் போட்ட பெட்டியில். பெட்டியைத் திறந்தால் வாசனை வாசல் வரை வருகிறது. லால்பாக் மாம்பழ மேளாவில் எத்தனை ரகம் அடுக்கினாலும் எனக்கு இதுதான். கத்தியே வேண்டாம், உருட்டிப் பிசைந்து காம்புப் பக்கம் கிள்ளி வாயில் வைத்தால் முழங்கை வரை வழியும். நேற்று பூரியும் மாம்பழச் சீகரணையும் செய்தேன். பக்கத்து வீட்டம்மா சொல்லிக்கொடுத்த மாதிரி பாலும் வெல்லமும் ஏலக்காயும் போட்டு. அப்பா இரண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, மூன்றாவது கிண்ணத்தை மூடி ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

பழம் அனுப்ப முடியாது. அதனால் தொக்கும், சாற்றை எண்ணெய் தடவின தட்டில் ஊற்றி ஊற்றி வெயிலில் காயவைத்து எடுத்ததும் வைத்திருக்கிறேன். மாப்பிள்ளைக்குக் காரம் ஆகாது என்பதால் தொக்கில் மிளகாய்த்தூள் குறைத்துத்தான் போட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பேசினபோது உன் பின்னால் சுவர் பச்சையாக இருந்தது. உங்கள் சமையலறை வெள்ளைதானே? பெயிண்ட் அடித்தீர்களா? முன்பெல்லாம் உன் தோளுக்குப் பின்னால் ஜன்னலும், ஜன்னலில் அந்தச் சர்ச் கோபுரமும் தெரியும். இப்போது தெரிவதில்லை. போனைத் திருப்பி வைத்திருப்பாய். மாப்பிள்ளை வெளியே போயிருக்கிறார் என்றாய். பொங்கலுக்குப் பேசினபோதும் வெளியே போயிருந்தார். வேலை அதிகம் போல.

நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி இரண்டு மணிக்கு உன் பேருக்குப் பக்கத்தில் ஆன்லைன் என்று காட்டுகிறது, உங்கள் ஊர் இரண்டு மணியைச் சொல்கிறேன். இங்கே விடிந்து ஆறரை, நான் ஊசியோடு பின்கட்டில் உட்கார்ந்திருக்கும் நேரம். தூங்காமல் என்ன வேலை? உங்கள் பக்கம் இப்போது ராத்திரி பத்து மணி வரை வெளிச்சமாக இருக்கும், திரை போட்டுக்கொண்டு படு. ஒரு ரசம் சோறு வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? பிரெட்டையே சாப்பிட்டுக்கொண்டிருக்காதே. சின்ன வயதில் நான் எது வைத்தாலும் தட்டைத் துடைத்துச் சாப்பிட்ட பிள்ளை நீ. படிப்பிலும் யாரும் உன்னைப் பிடித்துத் தள்ள வேண்டியிருக்கவில்லை. தனியாக அந்த ஊர் போய், வேலை தேடி, நின்று காட்டினாய். தெருவில் யார் கேட்டாலும் முதலில் உன்னைப் பற்றித்தான் சொல்கிறேன். இத்தனையும் செய்த பெண்ணுக்கு அம்மாவிடம் அரை மணி நேரம் பேச முடியவில்லை என்றால் எப்படி? சரி, அதை விடு. அளவை மட்டும் அனுப்பு.

இல்லை, விட முடியவில்லை. இதை எழுதலாமா என்று யோசித்து ஒரு பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். எழுதிவிடுகிறேன்.

நீ யுகேஜி போவதற்கு முந்தின கோடையில் குடியாத்தத்தில் பாட்டி வீட்டில் இருந்தோமே, உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். தறிச் சத்தம் பிடிக்கும் என்று லுங்கி நெய்கிற வீட்டுத் திண்ணையிலேயே கிடப்பாய். கோடை லீவு என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாய். அது லீவு இல்லை கண்ணு. அப்பாவோடு வாழ முடியாது, திரும்பி வருவதில்லை என்று முடிவு செய்துதான் உன்னைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினேன். ஒரு பையில் உன் துணி, இன்னொரு பையில் என் துணி, அதற்குள் எதற்கென்றே தெரியாமல் மஞ்சள் கம்பளி நூலும் ஊசியும். உன் பள்ளிக்கூட ஸ்வெட்டர் அந்த ஊரில்தான் பின்னினது. வேலூர்ப் பக்கத்து அக்னி நட்சத்திரம் உனக்குத் தெரியும். அந்த வெயிலில் நான் கம்பளி பின்னுவதைத் தெருவே நின்று பார்த்தது. கை சும்மா இருந்தால் அழுகை வந்துவிடும் என்று பின்னினேன்.

உன் பாட்டி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்த அன்று ராத்திரி தட்டு வைத்துச் சோறு போட்டாள், உன்னைத் தன் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டாள், மறுநாள் கடைக்குப் போய் எனக்குப் பிடித்த கத்தரிக்காய் வாங்கி வந்தாள். அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால், "பிள்ளைக்கு லீவு" என்று அவளே முந்திக்கொண்டு சொல்வாள். ஊரார் வாயிலிருந்து என்னைக் காப்பாற்றினாள், அதை மறக்கமாட்டேன். ஆனால் நான் தினமும் காத்திருந்தேன். மாவு ஆட்டும்போது, கிணற்றடியில், ராத்திரி விளக்கை அணைத்த பிறகு. "என்னடி ஆச்சு?" என்று ஒரு தடவை கேட்டால் போதும், எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். கேட்டால் நான் உடைந்துபோவேன் என்று அவள் பயந்திருப்பாள். கடைசி வரை கேட்காமலே போய்ச் சேர்ந்தாள். அவளிடம் சொல்லாததால் யாரிடமும் சொல்லவில்லை.

ஆடி முடிந்து நானாகத்தான் திரும்பி வந்தேன். எதனால் போனேன், எதனால் வந்தேன் என்பதை நேரில் சொல்கிறேன், அது அப்பாவும் சம்பந்தப்பட்டது. நான் வந்த மாதிரி நீயும் பொறுத்துப் போ என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதே.

அவள் கேட்காததை நான் கேட்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறீர்களா?

என்ன பதிலானாலும் எழுது. பேச வரவில்லை என்றால் ஒரு வரி மெசேஜ் போடு, நான் திருப்பிக் கூப்பிட்டுக் குடையமாட்டேன். அப்பாவிடம் நீ சொல்லச் சொன்னால் சொல்கிறேன், வேண்டாம் என்றால் சொல்லமாட்டேன். உறவுக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று நீ கவலைப்பட வேண்டாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ரசபுரி ஜூன் பாதிவரை தாங்கும், மேல்கிளையில் இருப்பது இன்னும் சில நாள் போகும். லீவு கிடைத்தால் டிக்கெட் போடு. பணம் வேண்டுமானால் அப்பாவின் கணக்கிலிருந்து இல்லை, என் கணக்கிலிருந்தே அனுப்புகிறேன்.

அப்புறம் அந்த ஸ்வெட்டர். எல்லாம் நான் வீணாக நினைத்துக்கொண்டது, அவர் நிஜமாகவே வேலையில்தான் இருக்கிறார் என்றால் ரொம்ப சந்தோஷம், தோள் அளவும் கை நீளமும் அனுப்பு, முடித்துவிடுகிறேன். அளவு வேண்டாம் என்றால் அதையும் சொல். பின்னினது முதுகு மட்டும்தான், பிரிக்க ஒரு சாயங்காலம் போதும். பிரித்த நூல் சுருள் சுருளாக நிற்கும். நாற்காலி முதுகில் சுற்றி நாலு இடத்தில் கட்டி, நனைத்து நிழலில் தொங்கப்போட்டால் நேராகிவிடும். அதையே உனக்குப் போட்டுவிடுவேன், சாம்பல் நிறம் உனக்கும் எடுக்கும். உன் பழைய அளவு நோட்டில் இருக்கிறது. இளைத்திருந்தால் மட்டும் புதிதாக அளந்து அனுப்பு.

உன்
அம்மா

பி.கு.: தொக்கு பாட்டிலில் ஈரக் கரண்டி போடாதே. மேலே எண்ணெய் நிற்கிற மாதிரி பார்த்துக்கொள், குறைந்தால் நல்லெண்ணெய் காய்ச்சி ஆறவைத்து ஊற்று.