கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று எழுதி வையுங்கள்

பழங்கோயில்கள் உள்ள சிற்றூர்களுக்குப் பேருந்து இயக்கும் போக்குவரத்து அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நான் காஞ்சிபுரத்துக்காரி. கைலாசநாதர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வளர்ந்தவள். அங்கே மண்டபத் தூண் ஒன்றில் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் காஞ்சியைப் பிடித்த சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், அந்தக் கோயிலின் செல்வத்தை இறைவனுக்கே திருப்பிக் கொடுத்ததைச் சொல்லும் கல்வெட்டு. அந்தக் காஞ்சி வெற்றியின் நினைவாக அவன் அரசி லோகமகாதேவி கர்நாடகத்துப் பட்டடக்கல்லில் எழுப்பிய விருபாட்சர் கோயிலைப் பார்க்க வேண்டும் என்பது பள்ளிக்கூட நாளிலிருந்து என் ஆசை. போன மார்கழியில்தான் கைகூடியது. முதுகில் ஒரு பை, ஹூப்ளி வரை ரயில், அங்கிருந்து கதக் வழியாக பாதாமிக்கு இன்னொரு ரயில், அப்புறம் எல்லாம் பேருந்துதான்.

விருபாட்சர் கோயில் முன்னால் நின்றபோது எங்கள் தெருவுக்கே திரும்பி வந்துவிட்டதுபோல் இருந்தது. அதே மதில், அதன் உட்புறம் வரிசையாகச் சின்னச் சின்னச் சன்னதிகள். இதைக் கட்டிய குண்டன் என்ற பெருந்தச்சனின் பெயர்கூட அங்கே கல்லில் இருக்கிறது. அவ்வளவு தூரம் போய் இதைக் கண்ணால் பார்க்க வைத்ததற்கு உங்கள் ஓட்டுநர்களுக்கும் நடத்துநர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறேன்.

அடுத்த நாள் போன ஊரின் பெயரை எழுதவில்லை. யாரோ ஒரு கடைநிலை ஊழியர் தலையில் இது விடிய வேண்டாம்.

காலையில் இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டேன். கடைசி வண்டி ஐந்தரைக்கு என்றார். ஐந்து மணிக்கே நிறுத்தத்துக்கு வந்துவிட்டேன். என்னோடு கல்லூரியிலிருந்து வீடு திரும்பும் இரண்டு பெண்கள், மருந்துப் பையோடு ஒரு பெரியவர், அவருடைய மருமகள். ஆறு ஆயிற்று. ஆறரை ஆயிற்று. கேட்டபோதெல்லாம் பெரியவர் "பர்தைத்ரீ, பர்தைத்ரீ" என்று எனக்குத் தைரியம் சொன்னார். வந்துவிடும் என்று அர்த்தம். டீக்கடைக்காரர் கடையைச் சாத்திக்கொண்டு போனார். நிறுத்தத்தில் விளக்கு இல்லை. கழிப்பறை இல்லாத ஊர் என்பதால் மத்தியானத்திலிருந்து நான் தண்ணீர் குடிக்கவில்லை. அந்தப் பெண்களின் வீட்டிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை போன் வந்துகொண்டே இருந்தது.

ஏழரைக்கு ஒரு சரக்கு ஆட்டோ எங்களை ஏற்றிக்கொண்டது. பெரியவரை மூட்டைகளுக்கு நடுவே உட்காரவைத்து, பள்ளம் வரும்போதெல்லாம் ஆளுக்கொரு கையால் பிடித்துக்கொண்டு வந்தோம். அடுத்த வாரமும் அவர் மருத்துவரைப் பார்க்க வேண்டுமாம்.

மறுநாள் விசாரித்தேன். அந்த வண்டியை வேறு தடத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். மத்தியானமே முடிவான விஷயம். சரி, அனுப்ப வேண்டிய தேவை இருந்திருக்கும், அதைக் கேள்வி கேட்க எனக்கு உரிமையில்லை. ஆனால் மத்தியானம் அலுவலகத்துக்குத் தெரிந்தது ஏழரை மணி வரை நிறுத்தத்தில் நின்ற ஐந்து பேருக்கு ஏன் தெரியவில்லை? ஊரில் ஒரு கடைக்காரருக்குப் போன் செய்து சொல்லியிருந்தால் நான்கு மணி வண்டியில் எல்லோரும் போயிருப்போமே!

நான் கேட்பது ஒரு பலகை. வண்டி வரும் நேரங்கள், முக்கியமாகக் கடைசி வண்டியின் நேரம். எழுத்து அந்த ஊர் மொழியில் மட்டும் இருந்தால் போதும், எண்களை மட்டும் 1, 2, 3 என்று வெளியூர்க்காரர்களும் படிக்கும்படி எழுதுங்கள். கடைசி வண்டி வராது என்றால் அதை முன்கூட்டியே அந்த ஊருக்குச் சொல்லிவிடுங்கள்.

பட்டடக்கல் 1987இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. இப்படிப்பட்ட இடங்களைப் பார்க்க வாருங்கள் என்று விளம்பரம் செய்கிறோம். வருகிறவர்கள் எல்லோரும் காரில் வருவதாகவே நினைத்துத் திட்டம் போடுகிறோம். ரயில் நிலையப் பொருள் வைப்பறையில் பூட்டுப் போடாத பையை வாங்கக் கூடாது என்பது விதி. முதுகுப்பைக்கு எங்கே பூட்டுவது? அதைச் சுமந்துகொண்டேதான் மலையும் ஏற வேண்டும், இருட்டில் நிற்கவும் வேண்டும். இதெல்லாம் உங்கள் துறைக்கு வெளியே என்று தெரியும், மனம் பொறுக்காமல் எழுதிவிட்டேன், மன்னிக்கவும்.

பலகைதான் என் கோரிக்கை. நான் ஒரு நாள் நின்றேன். அந்தக் கல்லூரிப் பெண்கள் தினமும் அங்கே நிற்கிறார்கள்.

வரும் காலாண்டு விடுமுறையில் மகளைக் கூட்டிக்கொண்டு மறுபடி வருகிறேன். பட்டடக்கல்லுக்குப் பக்கத்து ஊரான ஐஹொளேயில், மேகுடிக் கோயிலில் இருக்கும் புலவர் ரவிகீர்த்தியின் கல்வெட்டை இன்னும் நான் பார்க்கவில்லை. அதற்குள் அந்த நிறுத்தத்திலும் அதைப் போன்ற மற்ற நிறுத்தங்களிலும் பலகை வைத்துவிடுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காஞ்சிபுரத்திலிருந்து ஒரு பயணி