அப்பாவுக்கு, லீ குவான் யூ விஷயமாக

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அங்கே எல்லாரும் நலம்தானே? போனில் நீளமாகப் பேசினால் 'சரி வை, மாட்டைக் கட்டணும்' என்று பாதியிலேயே வைத்துவிடுகிறீர்கள், அதனால்தான் ஊருக்கு வரும் நண்பன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நான் கொடுத்த பத்து சிங்கப்பூர் டாலர் நோட்டை டீக்கடையில் காட்டி 'இவர்தான் சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் யூ' என்கிறீர்களாமே, தம்பி சொன்னான். அது அவர் இல்லை அப்பா, முதல் அதிபர் யூசோப் இஷாக். இங்கே புழங்குகிற நோட்டு எல்லாவற்றிலும் அவர் முகம்தான். 2015 மார்ச்சில் லீ இறந்தபோது மன்னார்குடிப் பக்கம் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தார்கள், நீங்களும் காசு போட்டீர்கள். இங்கே தெருமுனையில் அவருக்கு ஒரு சிலைகூட என் கண்ணில் பட்டதில்லை. அவர் குடியிருந்த ஆக்ஸ்லி சாலை 38ஆம் நம்பர் வீட்டையும் தன் காலத்துக்குப் பிறகு இடித்துவிட வேண்டும் என்று உயில் எழுதிவைத்தார். 1954இல் அவருடைய மக்கள் செயல் கட்சியைத் தொடங்கும் முன் கூடிப் பேசியதே அந்த வீட்டின் அடித்தள அறையில்தான். 2017இல் அந்த வீட்டை வைத்துப் பிரதமராக இருந்த மூத்த மகன் ஒரு பக்கம், தம்பியும் தங்கையும் ஒரு பக்கம் என்று ஊரறிய சண்டை. வீடு என்று வந்துவிட்டால் யார் வீட்டிலும் இதுதான் போல!

எனக்கு அவர் ஆட்சி என்றால் நான் ரிப்பேர் பார்க்கிற லிஃப்ட்தான் ஞாபகம் வரும். 1959இல் பிரதமர் ஆனார், அடுத்த வருஷமே வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், கம்பம் என்கிற கிராமத்துக் குடிசைகளில் இருந்த சனமெல்லாம் அடுக்குமாடிக்கு வந்தது. சிலர் லிஃப்டுக்குள்ளேயே சிறுநீர் கழித்தார்களாம். 80களின் கடைசியில் அதைக் கண்டுபிடிக்க ஒரு கருவியைப் பொருத்தினார்கள். அப்போதெல்லாம் அந்தக் கருவி சிறுநீரைக் கண்டுகொண்டால் லிஃப்ட் நின்றுவிடும், கதவும் திறக்காது, போலீஸ் வந்துதான் ஆளை வெளியே எடுக்கும். எங்கள் சூப்பர்வைசர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எனக்குப் பாதிதான் சிரிப்பு வந்தது. வீடும் கொடுப்பார், அந்த வீட்டுக்குப் போகிற வழியில் நீ எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் அவரே பார்த்துக்கொள்வார், அதுதான் அந்த மனுஷன்.

1989இலிருந்து ஒவ்வொரு அடுக்குமாடி புளோக்கிலும் எந்த இனத்தார் எவ்வளவு இருக்கலாம் என்று கணக்கு உண்டு. அதனால்தான் ஒரு வாசலில் மாவிலைத் தோரணம், அடுத்த வாசலில் தகர டப்பா நிறைய ஊதுபத்திச் சாம்பல், அதற்கடுத்த வாசலில் வரிசையாகச் செருப்பு. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டை விற்கப் போகும் நம் ஆட்களைக் கேட்டால், வாங்குகிறவர் கோட்டாவுக்குள் வர வேண்டுமே, விலை படியவில்லையே என்று புலம்புவார்கள்.

'இப்படி ஒருத்தர் நமக்கு வாய்க்கலையே' என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு பெயர் தொண்டைவரை வரும். சியா தை போ, எதிர்க்கட்சிக்காரர். 1966இல் பிடித்து, வழக்கு விசாரணை எதுவும் இல்லாமல் 1989 வரை அடைத்து வைத்தார்கள். அப்புறமும் செந்தோசாத் தீவில் இருக்க வைத்தார்கள், கட்டுப்பாடு முழுசாக நீங்கியது 1998இல். டீக்கடையில் உட்கார்ந்து முதலமைச்சரை வாய்க்கு வந்தபடி பேசுகிற ஆள் நீங்கள், கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

ஆனால் ஒன்றை நான் மறுக்க மாட்டேன். நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லாத நம் ஆட்களின் மொழி இங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. ஓட்டுக் கணக்கு மட்டும் பார்க்கிற ஆளாக இருந்தால் இது நடந்திருக்காது. அந்த அடுக்குமாடி வீடுகள் எதுவும் என்னைப் போல வொர்க் பெர்மிட்டில் வந்தவனுக்கு இல்லை என்பதும் நிஜம்தான், பகலெல்லாம் அங்கே வேலை, ராத்திரி டார்மிட்டரியில் மேல் கட்டில்.

தங்கச்சி பீஸ் பணம் 15ஆம் தேதிக்குள் வந்துவிடும். நான் எழுதியது பிடிக்கவில்லை என்றால் போனில் கத்தாமல் எழுதியே திட்டுங்கள், நின்று நிதானமாகப் படிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மூத்தவன்