நாலு மாத சாட், நாற்பது நிமிடச் சந்திப்பு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. வேலை அதிகம் என்பதால் தள்ளிப்போடவில்லை. கடைசிப் பத்தியில் நீ போகிற போக்கில் கேட்டிருந்த கேள்விக்கு நானும் போகிற போக்கில் பதில் சொல்ல மனம் வரவில்லை, அவ்வளவுதான். இந்த வயதில் இணையத்தில் போய்ப் பதிவு செய்து துணை தேடுவது அசட்டுத்தனமா, தேடினால் எந்தத் தளத்தில் தேடுவது என்று கேட்டிருக்கிறாய்.

அசட்டுத்தனம் இல்லை. நான் முப்பத்தைந்தில் தொடங்கினேன், இரண்டே முக்கால் வருடம் தேடினேன், நடுவில் இரண்டு முறை எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போய், திரும்பவும் வந்தேன். என் துணையைக் கண்டது மூன்றாவது முறைதான். இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்து அறையில் புத்தக அலமாரியை மறுபடி அடுக்கிக்கொண்டிருக்கிறார்.

இதெல்லாம் இப்போது வந்த மோகம் என்று உன் அண்ணன் சொன்னதாக எழுதியிருந்தாய். துணை தேடும் தளமான மேட்ச் டாட் காம் தொடங்கியது 1995-ல், முப்பது வருடம் ஆகிவிட்டது. அமெரிக்காவில் மைக்கேல் ரோசன்ஃபெல்ட் என்ற சமூகவியலாளரும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வில், 2017-ல் அறிமுகமான ஆண்-பெண் ஜோடிகளில் 39 சதவீதம் பேர் இணையம் வழியாகத்தான் சந்தித்திருக்கிறார்கள். நண்பர்கள் மூலம் சந்தித்தவர்கள் அதைவிடக் குறைவு. ஜோடி என்றால் எல்லோரும் கல்யாணம் செய்துகொண்டவர்கள் என்று அர்த்தமில்லை, ஆனாலும் அண்ணனிடம் சொல்ல இது போதும்.

சரி, எந்தத் தளம்? என்னைப் பொறுத்தவரை பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அங்கே வருகிறவர்கள் எதற்காக வருகிறார்கள். இஹார்மனி 2000-ல் ஒரு உளவியலாளர் தொடங்கியது, நீளமான கேள்வித்தாளை நிரப்பினால்தான் உள்ளேயே போக முடியும். அத்தனை கேள்விக்குப் பொறுமையாகப் பதில் எழுதுகிறவர் ஏதோ ஒரு அளவுக்காவது தீவிரமாக இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். டிண்டர் 2012-ல் வந்தது, படத்தைப் பார்த்து ஒதுக்கித் தள்ளும் பழக்கத்தை அதுதான் ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்தது. அங்கே கல்யாணம் வரை போனவர்களும் உண்டு, ஆனால் சும்மா பேச வந்தவர்கள் நடுவே அவர்களைத் தேடி எடுக்க வேண்டும். திருமணத்துக்கென்றே உள்ள தளங்களில் நோக்கம் தெளிவாக இருக்கும், ஆனால் சில சமயம் பேசுவது அவரா, அவர் சார்பில் வீட்டில் வேறு யாராவதா என்று முதலிலேயே கேட்டுக்கொள். என்னிடம் மூன்று நாள் அன்பாகப் பேசியது ஒருவருடைய அக்கா.

இரண்டு தளம் போதும். அதற்கு மேல் போனால் வேலை மாதிரி ஆகிவிடும். மேட்ச், டிண்டர், ஹின்ஜ், ஓகேகியூபிட் எல்லாம் ஒரே நிறுவனத்தின் கையில்தான் இருக்கின்றன, அதனால் பெயரை வைத்து ரொம்பக் குழம்பாதே. சந்தா கட்டுவதாக இருந்தால் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டு. ஆப்பை ஃபோனிலிருந்து அழித்தால் சந்தா தானாக நிற்காது, அதைத் தனியாக ரத்து செய்ய வேண்டும்; எனக்கு இது தெரியாமல் ஐந்து மாதம் பணம் போய்க்கொண்டே இருந்தது.

அப்புறம், இரண்டு பேருக்கும் எவ்வளவு பொருந்தும் என்று சில தளங்கள் காட்டுகிற அந்தப் பொருத்தச் சதவீதம். 92 என்று பச்சையில் காட்டினால் மனசு துள்ளும், எனக்கும் துள்ளியது. 2012-ல் ஈலை ஃபின்கலும் வேறு நான்கு உளவியலாளர்களும் சேர்ந்து இந்தத் தளங்கள் பொருத்தம் பார்க்கும் முறைகளை அலசி, நல்ல துணையைக் கணித்துத் தருகிறோம் என்ற பேச்சுக்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். 2017-ல் இன்னொரு ஆய்வு: நூற்றுக்கும் மேற்பட்ட குணங்களையும் விருப்பங்களையும் முன்கூட்டியே கேட்டுக் கணினியில் போட்டுவிட்டு, ஆட்களை நேரில் உட்கார வைத்துச் சில நிமிடம் பேச விட்டார்கள். பொதுவாக யாரை எல்லோருக்கும் பிடிக்கும் என்பதை ஓரளவு சொல்ல முடிந்ததாம். இவருக்கு இவரைத்தான் குறிப்பாகப் பிடிக்கும் என்பதை மட்டும் சொல்லவே முடியவில்லை. நமக்கு வேண்டியதோ அந்த இரண்டாவதுதானே? அதனால் 92-ஐயும் நம்பாதே, 61-ஐப் பார்த்து ஒதுக்கவும் செய்யாதே. பக்கத்து அறையில் இருக்கிற இவருக்கும் எனக்கும் எவ்வளவு காட்டியது என்று நினைத்துப் பார்க்கிறேன், ஞாபகமே இல்லை.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். உன்னிடம் இதை நான் சொன்னதில்லை.

முதல் வருடத்தில் ஒருவரோடு நாலு மாதம் எழுதிக்கொண்டிருந்தேன். தினமும், ராத்திரி பதினொன்றிலிருந்து ஒரு மணி, இரண்டு மணி வரை. என்ன அழகாக எழுதுவார் தெரியுமா, அவருடைய அப்பா இறந்த நாளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு நான் அழுதிருக்கிறேன். நேரில் பார்ப்பதை இரண்டு பேருமே தள்ளிக்கொண்டே போனோம், கெட்டுப்போய்விடுமோ என்ற பயம் எனக்கு, அவருக்கும் அதுவாகத்தான் இருந்திருக்கும். கடைசியில் ஒருநாள் சந்தித்தோம். நாற்பது நிமிடம். அவர் எதிலும் பொய் சொல்லியிருக்கவில்லை, படத்தில் இருந்த மாதிரியேதான் இருந்தார், மரியாதையாகப் பேசினார். ஆனால் நான் அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு யோசித்து ஒன்று சொல்வதற்குள் அவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார், நான் சிரித்த இடத்தில் அவர் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்தில் நாங்கள் விட்ட இடைவெளியை எல்லாம் நானே நிரப்பியிருக்கிறேன். அந்த நாலு மாதமும் நான் பேசிக்கொண்டிருந்தது பாதி அவரோடு, பாதி நானே உண்டாக்கிய ஒருவரோடு. திரும்பி வரும் வழியெல்லாம் யாரோ செத்துப்போன மாதிரி இருந்தது. யாரும் சாகவில்லை, அப்படி ஒருவர் இருந்ததே இல்லை. முதல் முறை எல்லாவற்றையும் அழித்தது அன்றைக்குத்தான்.

அதனால் கெஞ்சிக் கேட்கிறேன், சாட்டை இழுக்காதே. ஒரு வாரம் பேசு, வீடியோ காலில் ஒரு முறை பார், இரண்டாவது வாரத்துக்குள் நேரில் சந்தி. வேறு ஊர், வேறு நாடு என்றால் வீடியோ காலை மூன்று நாலு முறை, வேறு வேறு நேரத்தில், சொல்லாமல் கூடச் செய்து பார்.

வீடியோ காலுக்கு வரவே மாட்டேன் என்கிறவரை விட்டுவிடு. கேமரா உடைந்துவிட்டது, கப்பலில் இருக்கிறேன், ராணுவத்தில் அனுமதி இல்லை, இப்படிக் காரணம் வந்துகொண்டே இருக்கும். மோசடி செய்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் போகிறார்கள்: இரண்டு நாளிலேயே தளத்தை விட்டு வெளியே வேறு ஆப்புக்கு அழைப்பார்கள், ஏனென்றால் அங்கே இந்தத் தளத்தின் கண்காணிப்பு இருக்காது, ஒரு வாரத்தில் நீதான் எல்லாம் என்பார்கள், பிறகு ஒரு விபத்து, ஆஸ்பத்திரிச் செலவு, அல்லது கிரிப்டோ என்ற இணையப் பணத்தில் போட்டால் இரண்டு மடங்காகும் என்ற ஆலோசனை. படங்களை எடுத்து, படத்தைக் கொண்டு தேடும் வசதியில் போட்டுப் பார், வேறு பெயரில் எங்காவது இருந்தால் வரலாம். வராவிட்டால் உண்மையானவர் என்றும் ஆகாது, இப்போது இல்லாத முகத்தையே உண்டாக்க முடிகிறதே. எப்படியானாலும் நேரில் பார்க்காத ஒருவருக்கு ஒரு காசு கூட அனுப்பாதே. ஏமாந்தவர்களை முட்டாள்கள் என்று நினைக்காதே, அந்த நாலு மாதத்தில் அவர் பணம் கேட்டிருந்தால் நான் அனுப்பியிருப்பேன்.

முதல் சந்திப்பு ஆட்கள் நடமாடுகிற இடத்தில், பகலில், நீயே போய் நீயே திரும்புகிற மாதிரி இருக்கட்டும். எனக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டுப் போ.

உன் ப்ரொஃபைலில் முதல் வரியிலேயே கல்யாணத்துக்காகத்தான் தேடுகிறேன் என்று எழுதிவிடு. பயந்து ஓடுகிறவர்கள் ஓடட்டும், அவர்களுக்காக நாம் ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. பயணம் பிடிக்கும், இசை பிடிக்கும் என்று எழுதாதே, எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். கோபம் வந்தால் நீ இரண்டு மணி நேரம் பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு நீயாகவே வந்து பேசுவாயே, அதை எழுது. வார இறுதியில் தனியாக நடக்கப் போவதை எழுது. மூன்றாவது நாலாவது சந்திப்பில் குழந்தை, கடன், பெற்றோரை யார் பார்த்துக்கொள்வது, யாருடைய வேலைக்காக யார் இடம் மாறுவது, எல்லாவற்றையும் பேசிவிடு. இவர் இரண்டாவது சந்திப்பிலேயே தன் கடன் எவ்வளவு என்று சொன்னார். எனக்கு அன்றைக்குத்தான் இவரைப் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதி எனக்கு அனுப்பு, நான் பார்க்கிறேன். போன வருடம் எடுத்த அந்தக் கண்ணாடி போட்ட படத்தை வை, பத்து வருடத்துக்கு முந்தையதை வைக்காதே. இவரும் அதைத்தான் வைக்கச் சொல்கிறார்.

என்றும் அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி